ஆயிரத்து நூற்று எண்பத்தொரு கோடுகள்

அம்மா, ஒரு பொருள் உடைந்த நாளை எவரும் சொல்லிவிடுவார். அது உடையத் தொடங்கிய நாளைச் சொல்லக்கூடியவர் இவ்வுலகில் எத்தனை பேர் என்று என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

அவர்களில் நீங்கள் ஒருவர் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் ஓசூரிலிருந்து இந்தச் சேலம் ஆய்வகம் வரை இதை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தேன். துணியை அவிழ்க்கிறேன், பாருங்கள். அலுமினியம். எங்கள் தொழிற்சாலையில் வார்க்கிற டீசல் எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டிலிருந்து அறுத்தெடுத்தது. இங்கே இரண்டு வட்டங்கள் இருக்கின்றனவே, புகை வெளியேறும் வால்வுகள் அமரும் இடம். இரண்டுக்கும் நடுவே சுண்டுவிரல் அகலத்தில் ஒரு பாலம். பாலத்தின் குறுக்கே விரிசல். அதன் வழியாகவே பிளந்து கொண்டுவந்திருக்கிறேன். இதன் உள்முகத்தை உங்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் கோடுகள் தெரியுமாம். சூடேறி ஆறிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு. அந்தக் கோடுகளை எண்ணித் தர வேண்டும். அவ்வளவுதான்.

ஏன் என்று கேட்டீர்களா? கேட்கவில்லையா? கேட்க நினைத்தீர்கள், முகத்தில் தெரிகிறது. சொல்கிறேன்.

என் பெயர் மெய்கண்டநாதன். சோதனைப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பொறியாளர். எஞ்சினைச் சூடாக்கி, குளிர வைத்து, மீண்டும் சூடாக்கி, எப்போது விரிசல் விடும் என்று முன்கூட்டியே சொல்வது என் பணி. வெப்பத்தால் வரும் களைப்பு என்பார்கள். இதைப் பாமரருக்கும் விளங்க வைக்க நான் ஓர் உவமை வைத்திருக்கிறேன். மூவர் அமரும் பேருந்து இருக்கை. இரு ஓரங்களிலும் எலும்பும் தோலுமாக இருவர், அசையாத மனிதர்கள். நடுவில் ஒரு பருத்த மனிதர். வெயில் ஏறுகிறது, அவர் விரிகிறார். ஓரத்து மனிதர்கள் இம்மியும் நகரமாட்டார்கள். அவர் நெருக்கப்படுகிறார். மாலையில் வெயில் தணிகிறது, அவர் சுருங்குகிறார், இப்போது இருபுறமும் இழுபடுகிறார். மறுநாளும் அதே பேருந்து. அதற்கு மறுநாளும். ஒரு நாள் அவர் முறிந்துபோகிறார். அம்மா, அவரை முறித்தது வெயில் என்கிறது உலகம். நான் சொல்கிறேன், வெயில் அன்று. விரிய இடம் தராத அண்டை அயலார்!

இந்த உவமையை இன்று பேருந்திலும் சொன்னேன். கிருஷ்ணகிரியில் ஏறி என் பக்கத்தில் அமர்ந்தவர் தருமபுரிக்குச் சீட்டு வாங்கியிருந்தார், காவேரிப்பட்டணத்திலேயே இறங்கிவிட்டார். சொல் உள்ளே தைத்தால் மனிதனுக்குத் தனிமை தேவைப்படுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பிரிவில் நாள்தோறும் காலை எட்டுப் பத்துக்கு அனைவரும் அறிவிப்புப் பலகை முன் நிற்பார்கள். நேற்றைய வேலை, இன்றைய வேலை, பாதுகாப்பு. இறுதியில் 'இன்றைய சிந்தனை'. அந்தச் சிந்தனையை இருபத்திரண்டு ஆண்டுகளாக நானே வழங்கி வந்தேன். ஒரு நாள் விடுப்பு எடுத்ததில்லை. என் திருமணத்தன்று மட்டும் தொலைபேசியில் சொன்னேன். வீட்டிலும் மாலையில் ஒரு சிந்தனை உண்டு. என் மனைவி கோதைநாயகிக்கு இடக்காது கேட்பதில்லை. ஆனாலும் எப்போதும் இடக்காது என் பக்கம் இருக்கும்படியே வந்து அமர்வாள். மருத்துவர் பார்த்துவிட்டுக் காதில் ஒரு குறையும் இல்லை என்கிறார். இந்தக் காலத்து மருத்துவம் அப்படி.

சென்ற ஆவணியில் எங்கள் மேலாளர் ஆவுடையப்பன் என்னை அறைக்கு அழைத்தார். மேசைமேல் ஒரு மனு. நாற்பத்து மூன்று கையெழுத்துகள். எங்கள் பிரிவில் என்னையும் சேர்த்து நாற்பத்து நான்கு பேர்.

"சார், தப்பா நினைக்காதீங்க. சிந்தனைக்கு மூணு நிமிஷம்னு போட்டிருக்கு. நேத்து நீங்க இருபத்தாறு நிமிஷம் பேசினீங்க. ஒருத்தன் நின்னுக்கிட்டே தூங்கி பலகை மேல விழுந்துட்டான்."

"ஆழ்ந்து சிந்திப்பவனுக்குக் கால் தளர்வது இயல்பு" என்றேன்.

"மூக்குல அடிபட்டிருக்கு சார்."

"சிந்தனை எளிதில் வருவதில்லை, ஐயா."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அந்த மனுவை இன்றளவும் நான் குறையாகக் கொள்ளவில்லை. யாரோ ஒருவர் பொறாமையால் எழுதியிருக்க வேண்டும். மற்ற நாற்பத்திரண்டு பேரும் படிக்காமல் கையெழுத்திட்டிருக்க வேண்டும். எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள் என்று அடுத்த நாளே ஒரு சிந்தனை வழங்கினேன்.

அந்த வாரம்தான் இந்தப் புதிய ஹெட் சோதனைக்கு வந்தது. எத்தனை சுற்றில் விரிசல் விடும் என்று முன்னரே எழுதி ஒட்ட வேண்டும், எங்கள் வழக்கம். ஒரு சுற்று என்பது பத்து நிமிடம்: எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டிக் கொதிக்க வைத்து, உடனே குளிர்ந்த நீரைப் பாய்ச்சுவது. என்னிடம் பதிவேடு ஒன்று உண்டு. நூற்றுப் பதினேழு ஹெட்கள் எங்கே, எப்போது, எப்படி முறிந்தன என்று என் கையால் எழுதியது. அதைப் பார்த்து, கணக்கிட்டு, பாலத்தை விரலால் தடவிப் பார்த்து, மூவாயிரத்து எழுநூறு என்று எழுதினேன்.

ஜெபசீலி ஆறாயிரத்து இருநூறு என்று எழுதினாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சேர்ந்தவள். எல்லாவற்றையும் கணினியில் வரைந்து, சிவப்பும் நீலமுமாக நிறம் காட்டி, இங்கே சூடு, இங்கே இழுப்பு என்று சொல்வாள். கெட்டிக்காரி. ஆனால் உவமை வராது.

"கணினிக்கு வியர்க்குமா, ஜெபசீலி?" என்று கேட்டேன்.

"வியர்க்காது சார், அதுக்கு ஃபேன் இருக்கு."

பார்த்தீர்களா, இதுதான் தலைமுறை.

ஆவுடையப்பன் இரண்டு எண்களையும் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு ஒளியை நான் முன்பு கண்டதில்லை. "சார், ஒரு ஏற்பாடு. நாலாயிரம் சுத்துக்குள்ள விரிசல் வந்துட்டா, நீங்க ரிட்டயர் ஆகிற வரைக்கும் பேசுங்க. மனுவை நானே கிழிச்சுப் போடறேன். வரலைன்னா..."

"வராவிட்டால்?"

"மத்தவங்களுக்கும் ஒரு வாய்ப்பு குடுப்போம் சார்."

ஒப்புக்கொண்டேன். உண்மையை நம்புகிறவன் அஞ்சக் கூடாது. ஆனால் அம்மா, உங்களிடம் மறைப்பானேன், அன்றிரவு சோறு இறங்கவில்லை. அந்தப் பலகையின் முன் நிற்கும் நிமிடங்கள்தாம் என் நாள். மற்றவை அதற்கான ஆயத்தம்.

சோதனை தொடங்கியது. இராப்பகலாக ஓடும். ஐந்நூறு சுற்றுக்கு ஒரு முறை நிறுத்தி, ஹெட்டைக் கழற்றிச் சாயச் சோதனை செய்வோம். உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சிவப்புச் சாயம் பூசுவது, துடைப்பது, மேலே வெள்ளைப் பொடியைத் தெளிப்பது. விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்திருக்கும் சிவப்பு, வெள்ளையின்மேல் கோடாகக் கசிந்து வரும். மனசாட்சியைப் போல என்று ஒரு சிந்தனையே வழங்கியிருக்கிறேன். பத்தொன்பது நிமிடம்.

அந்த நாட்களில் எங்கள் பிரிவில் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. நாற்பத்து மூன்று பேரும் அந்த ஹெட்டின்மேல் அன்பு செலுத்தத் தொடங்கினார்கள்! முன்பெல்லாம் சோதனைப் பொருள் என்றால் உதைத்துத் தள்ளுகிறவர்கள், காலையில் வந்ததும் முதலில் அதைப் போய்ப் பார்த்தார்கள். மெக்கானிக் முனிரத்தினம் அதன் காதோரம் குனிந்து, "தாங்கிக்கடா கண்ணு, இன்னும் கொஞ்ச நாள்தான்" என்று சொல்வதை என் செவியால் கேட்டேன். கேண்டீனில் பேச்செல்லாம் அதுதான். "இப்ப எத்தனை?" "ரெண்டாயிரத்து எண்ணூறு." "நல்லா இருக்கானா?" "கல்லு மாதிரி இருக்கான்." பணியில் இத்தனை ஈடுபாட்டை என் சொற்கள் உண்டாக்கியிருக்கின்றன என்று எண்ணி, அவர்கள் அறியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மூவாயிரத்து ஐந்நூறாவது சுற்று முடிந்து ஹெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தபோது ஆயுத பூஜை வந்தது.

அம்மா, எங்கள் தொழிற்சாலையில் ஆயுத பூஜை என்றால் எல்லா எந்திரங்களுக்கும் ஒரு பொட்டு, ஒரு முழம் பூ, அவ்வளவே. இந்த ஆண்டு எந்திரங்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாம் அந்த ஹெட்டுக்கே! ஆள் உயர மாலை. பதினொரு தேங்காய். விபூதியில் மூன்று பட்டை. பாலத்தின்மேல், சரியாக இந்த இடத்தில், முனிரத்தினம் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டே குங்குமம் வைத்தான். பொரியும் கடலையும் அதன்மேல் மழையாகப் பொழிந்தன. ஜெபசீலி ஓரமாகக் கைகட்டி நின்றாள். "நீ ஏதும் வேண்டிக்கலையா?" என்று யாரோ கேட்டதற்கு, "நான் கணக்குப் போட்டுட்டேன்ணே, நீங்க வேண்டிக்குங்க" என்றாள்.

மறுநாள் சாயச் சோதனை. சாயம் பூசினார்கள். துடைத்தார்கள். வெள்ளை தெளித்தார்கள். நான் பாலத்தின்மேலேயே கண்ணை வைத்து நின்றேன். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பாலத்தின் குறுக்கே, மெல்ல, மயிரிழை போல, ஒரு சிவப்புக் கோடு!

நாலாயிரத்துக்கு இன்னும் ஐந்நூறு சுற்று மிச்சம் இருக்கையில்! என் எண்ணுக்கும் இருநூறு முன்னதாக! உண்மைக்குத் தோள் கொடுக்க அந்த ஹெட் அவசரப்பட்டது என்றுதான் நினைத்தேன்.

சுற்றி நின்றவர்களின் முகங்களைப் பார்த்தேன். இடி விழுந்தாற்போல நின்றார்கள். ஒருவன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "போச்சு, இன்னும் ஒம்பது வருஷம்" என்று யாரோ விசும்பினார்கள். எனக்கு ஓய்வு பெற ஒன்பது ஆண்டுகள் இருக்கின்றன. இத்தனை விரைவில் முடிந்துவிடுமே என்று அப்போதே கலங்கிய உள்ளம் அது. நெகிழ்ந்துபோய் அங்கேயே, அந்தக் கணத்திலேயே பேசத் தொடங்கினேன். 'முன்னறிதல்' என்ற தலைப்பு. ஐம்பது நிமிடம். என் வாழ்நாளின் சிறந்த உரை அதுவே.

நான் முடிவுரைக்கு வரும் நேரத்தில் முனிரத்தினம் ஹெட்டின்மேல் குனிந்தான். கோட்டை நகத்தால் சுரண்டினான். முகர்ந்து பார்த்தான்.

"சார்."

"பொறு. இறுதி உவமை."

"சார், இது நம்ம குங்குமம் சார்."

நடந்தது இதுதான். பூஜை முடிந்ததும் ஹெட்டைக் கழுவித் துடைக்க வேண்டியது அவன் பொறுப்பு. மாலையை எடுத்தான், விபூதியைக் கழுவினான். பாலத்தின் குங்குமத்தைத் துடைக்க மட்டும் கை வரவில்லை. "எந்த இடம் தாங்கணும்னு வேண்டிக்கிட்டோமோ, அந்த இடத்துப் பொட்டையே எப்படி சார் கழுவறது? அதான் மேலாப்பல துணியால ஒத்தி எடுத்தேன். நிக்கட்டும்னு நல்லெண்ணெயில வேற குழைச்சு வெச்சிருந்தேன்." மேலே இருந்த குங்குமம் போயிற்று, கடைசல் வெட்டுளி விட்டுச்சென்ற நுண்ணிய வரிக்குள் இருந்தது தங்கிவிட்டது. வெள்ளையைத் தெளித்ததும் சிவப்புக் கசிந்தது. விரிசல் எப்படிக் கசியுமோ அப்படியே.

ஜெபசீலி பெட்ரோலில் நனைத்த துணியால் ஒரு துடை துடைத்தாள். மீண்டும் சாயம், மீண்டும் வெள்ளை. ஐந்து நிமிடம் காத்திருந்தோம். பாலம் பால் போல வெளுத்துக் கிடந்தது.

எழுந்த ஆரவாரத்தில் கூரைத் தகடு அதிர்ந்தது. தரையில் உட்கார்ந்தவன் எழுந்து முனிரத்தினத்தை முத்தமிட்டான். பிழையைத் தாமே கண்டுபிடித்ததில் அவர்களுக்கு எத்தனை மகிழ்ச்சி! தவற்றை ஒப்புக்கொள்வதன் பெருமையைப் பற்றி நான் முன்பு பேசியது வீண்போகவில்லை.

ஆயினும் அம்மா, சோதனை தொடர்ந்தது. மூவாயிரத்து எழுநூறு கடந்தது. நாலாயிரமும் ஆயிற்று. கழற்றிச் சாயம் பூசினார்கள், கோடு இல்லை. ஆவுடையப்பன் என் கையைப் பற்றிக்கொண்டு, "ரெஸ்ட் எடுங்க சார்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை, ஐப்பசி மழையில், முனிரத்தினமும் இன்னும் இருவரும் மொட்டைத் தலையோடு சந்தனம் பூசி வந்தார்கள். மூவரும் ஞாயிறன்று தீர்த்தமலைக்குப் போய் வந்தார்களாம். என்ன வேண்டுதல் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். ஏதோ குடும்ப விஷயம் போலும்.

காலை எட்டுப் பத்துக்கு நான் முதன்முறையாகக் கடைசி வரிசையில் நின்றேன். அங்கே நின்றபோதுதான் ஒன்று தெரிந்தது. பக்கத்துக் காற்றழுத்த எந்திரத்தின் இரைச்சலில் முன்னால் பேசுவது ஒன்றுமே கேட்பதில்லை! இருபத்திரண்டு ஆண்டுகள், அம்மா! அந்த வரிசைக்குத்தான் தினமும் அடிபிடி நடக்கும். சீக்கிரம் வருகிறவர்கள் முதலில் அங்கே போய் நிற்பார்கள். முன்னால் நிற்பவருக்கு வழிவிட்டு, கேட்க முடியாத இடத்தைத் தாமே ஏற்றுக்கொண்ட தியாகம்! நெஞ்சு பொறுக்கவில்லை. அன்று மாலையே ஒரு ஒலிபெருக்கி வாங்கி வைத்துவிட்டேன்.

சிந்தனைக்குப் பதில் இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? ஒருவர் ஒரு விடுகதை போடுகிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். எட்டுப் பதினைந்துக்கு வேலை தொடங்கிவிடுகிறது. இதை ஒழுக்கம் என்று சொல்ல முடியுமா?

சோதனை நிற்கவில்லை. ஜெபசீலியின் எண் இருக்கிறதே! ஐயாயிரத்து நூற்று எண்பதாவது சுற்றில், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரில் குமிழி வந்தது. கழற்றினால், சாயமே தேவைப்படவில்லை. வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது இந்த விரிசல். என் மூவாயிரத்து எழுநூறும் இல்லை, அவள் ஆறாயிரத்து இருநூறும் இல்லை.

எல்லாரும் போன பிறகு அவள் என் மேசைக்கு வந்தாள். ஒரு டம்ளர் தேநீரை என் முன் வைத்தாள்.

"நானும் தப்பு சார்."

"தெரியும்."

"ஆயிரம் சுத்து அதிகமா சொல்லிட்டேன். இந்த ஹெட்டை என் நம்பரை நம்பி லாரியில மாட்டியிருந்தா, ஏதோ ஒரு மலைப்பாதையில நின்னுருக்கும். சார், விரிசல் அஞ்சாயிரத்துல பொறக்கல. முன்னாடியே எப்பவோ உள்ளுக்குள்ள பொறந்து, கண்ணுக்கும் சாயத்துக்கும் சிக்காம வளந்திருக்கு. எப்ப பொறந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்."

"என்னுடைய எண்ணில் பிறந்திருந்தால்?"

"அப்ப நீங்க சொன்னது சரி. என் கணக்கைத் திருத்திக்கிறேன். நாலாயிரத்துக்குள்ளன்னா பேச்சும் உங்களுக்குத்தான். ஆவுடையப்பன் சார்கிட்ட நானே சொல்றேன்." பிறகு சற்றுத் தயங்கினாள். "சார், ஒண்ணு சொல்லட்டா? கோவப்படக் கூடாது. அந்த உவமையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு நிமிஷத்துல சொல்லி முடிச்சீங்கன்னா எல்லாரும் கேப்பாங்க."

"ஜெபசீலி, விரிய வேண்டிய ஒன்றை இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகும் என்பது உனக்கே தெரியுமே" என்றேன்.

அவள் டம்ளரை என் பக்கம் இன்னும் சற்று நகர்த்தினாள். "தெரியும் சார். நாப்பத்து மூணு பேருக்கும் தெரியும்" என்றாள். பிறகு உங்கள் முகவரியை எழுதிக் கொடுத்தாள். நல்ல பெண். என் கருத்தை அத்தனை விரைவில் ஏற்றுக்கொண்டாள்.

கணக்கு எளிது, அம்மா. உடைந்தது ஐயாயிரத்து நூற்று எண்பதில். இந்த முகத்தில் ஆயிரத்து நூற்று எண்பத்தொரு கோடுகள் இருந்தால், விரிசல் நாலாயிரத்துக்கு முன்பே பிறந்துவிட்டது என்று பொருள். அதற்கு ஒன்று குறைந்தாலும் நான் கடைசி வரிசையில் ஒன்பது ஆண்டுகள் நிற்க வேண்டும், விடுகதை கேட்டுக்கொண்டு.

தொலைபேசியா? எடுங்கள், எடுங்கள். யார், எங்கள் முனிரத்தினமா? 'பொறுமையா பாருங்க மேடம், ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்லை' என்றானா? காலையிலிருந்து எங்கள் பிரிவிலிருந்து பேசியது ஆறாவது ஆளா? பாருங்கள், உங்கள் உடல்நலத்தின்மேல் அவர்களுக்கு எவ்வளவு அக்கறை! ஆனால் அந்த அன்புக்கு நீங்கள் இணங்கிவிடக் கூடாது.

வரிசையில் வேறு மாதிரிகள் இருக்கின்றன என்கிறீர்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறீர்கள். நல்லது. நான் அவசரப்படுத்தவில்லை. இந்த நாற்காலி எனக்கு வசதியாகவே இருக்கிறது. ஓசூருக்கு நாள் முழுதும் பேருந்து உண்டு. பத்து நாள் விடுப்பும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நீங்கள் மற்ற மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருங்கள். நான் பக்கத்தில் அமர்ந்து, இரண்டு மாதமாக வழங்க முடியாமல் நெஞ்சிலே தேங்கிக் கிடக்கும் நாற்பத்தாறு சிந்தனைகளையும் ஒவ்வொன்றாக உங்களுக்கு... எழுந்துவிட்டீர்களா? கையுறையும் மாட்டிவிட்டீர்கள்! இடுக்கி அதோ இருக்கிறது. அந்த எந்திரத்தின் பொத்தானைப் போடுங்கள், அம்மா. தள்ளிப்போடாதீர்கள், உணவு இடைவேளைக்கும் போகாதீர்கள், ஒரு கோட்டையும் விட்டுவிடாதீர்கள். இன்றே எண்ணுங்கள், இப்போதே எண்ணத் தொடங்குங்கள்!